எஸ்யூவியின் பின்னால் வாடகை டிரெய்லர்: டாலஸிலிருந்து பே ஏரியா வரை

டாலஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் ஊர்களிலிருந்து கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வேலை மாறிப்போகும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டுச் சாமான்களை ஏற்றிச்செல்லும் மூவர்ஸ் கம்பெனிகள் சொல்லும் விலையைக் கேட்டதும் பலருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: "நம்ம வண்டியே 5,000 பவுண்டு இழுக்குமே, ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக்கிட்டா என்ன?" எடுக்கலாம். சுமார் 1,700 மைல் தூரம்தான், சரியான வண்டி இருந்தால் நிதானமாகப் போய்ச் சேரலாம்.

ஆனால் அந்த 5,000 என்ற எண்ணை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைவிட, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஓட்டும் வித்தையெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கணக்கு

வீடு மாற்ற எஸ்யூவிக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது யூ-ஹால் என்னும் வாடகைக் கம்பெனியின் 6க்கு 12 அடி மூடிய டிரெய்லர். காலியாகவே அதன் எடை 1,920 பவுண்டு. அதிகபட்சம் 2,480 பவுண்டு சாமான் ஏற்றலாம். மொத்தம் 4,400 பவுண்டைத் தாண்டக் கூடாது. இரண்டு பெட்ரூம் வீட்டின் சாமான்களில் முக்கியமானவை இதற்குள் வந்துவிடும்.

இப்போது வண்டி. ஹோண்டா சிஆர்-வி போன்ற சிறிய எஸ்யூவியின் இழுவை வரம்பு 1,500 பவுண்டு. காலி டிரெய்லரே அதைவிடக் கனம், பேச்சுக்கே இடமில்லை. ஆல் வீல் டிரைவ் உள்ள ஹோண்டா பைலட், பெட்ரோல் வி6 டொயோட்டா ஹைலேண்டர், கியா டெலூரைட் போன்றவை பொதுவாக 5,000 பவுண்டு. ஆனால் அதே ஹைலேண்டர் ஹைபிரிடாக இருந்தால் 3,500தான். அதே பைலட் முன்சக்கர டிரைவாக இருந்தாலும் 3,500தான். பக்கத்து வீட்டுக்காரர் அதே பெயருள்ள வண்டியில் இழுத்தார் என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது. உங்கள் வண்டியின் ஆண்டு, எஞ்சின், டிரைவ் வகை மூன்றையும் ஓனர்ஸ் மேனுவலில் வைத்துப் பாருங்கள். இழுவைக்கான டோயிங் பேக்கேஜ் இருந்தால்தான் முழு வரம்பு என்று சில மேனுவல்களில் எழுதியிருக்கும். கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூடுதல் கூலர் அந்த பேக்கேஜில்தான் வரும்.

அடுத்ததுதான் பலரும் பார்க்காமல் விடும் எண். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் டயர் அழுத்தம் எழுதிய மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். அதுதான் பேலோடு. டிரெய்லரின் முன்மூக்கு, அதை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் மேல் அழுத்துகிற எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்த எடைக்குப் பெயர் டங் வெயிட். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 410. டிக்கியில் பெட்டிகள் 250. ஹிட்ச் சாமான் 50. டிரெய்லர் 4,000 பவுண்டு என்றால் 12 சதவீதக் கணக்கில் டங் வெயிட் 480. கூட்டினால் 1,190. இடம் இருக்கிறது. இதே பயணத்தில் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி தாத்தாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தால்? ஆளுக்கு 150 வைத்தாலும் 1,490 ஆகிவிடும். இழுவை வரம்பில் இன்னும் 1,000 பவுண்டு மிச்சம் இருக்க, பேலோடு வரம்பு உடைந்துவிட்டது. பெரியவர்களை விமானத்தில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் சாமானைக் குறையுங்கள், அல்லது சின்ன டிரெய்லர் எடுங்கள். யூ-ஹாலின் 5க்கு 8 அடி டிரெய்லர் காலியாக 900 பவுண்டு, முழுதாக 2,700 பவுண்டு. அதுவும் பற்றாது என்றால் வீட்டு வாசலில் இறக்கி வைத்து எடுத்துப்போகும் கண்டெய்னர் சேவையோ வாடகை டிரக்கோதான் வழி. "கொஞ்சம் தானே அதிகம்" என்று மட்டும் கிளம்ப வேண்டாம்.

ஹிட்ச் என்னும் சங்கிலி

வண்டிக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் சதுரக் குழாய்தான் ரிசீவர். அதற்குள் நுழையும் இரும்புக் கை, பால் மவுண்ட். அதன் மேல் உட்காரும் எஃகு உருண்டைதான் டிரெய்லரைத் தாங்குகிறது. இவை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு எடை வரம்பு பொறித்திருக்கும். இருப்பதிலேயே குறைவான எண் எதுவோ, அதுதான் உங்கள் உண்மையான வரம்பு. 5,000 பவுண்டு வண்டியில் 3,500 பவுண்டு உருண்டையை மாட்டினால் நீங்கள் 3,500 பவுண்டுக்காரர்தான். 6க்கு 12 டிரெய்லருக்கு 2 அங்குல உருண்டை வாங்குங்கள். உருண்டையின் அடி நட்டை ஒரு பட்டறையில் கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள். வீட்டு ஸ்பேனரில் அந்த இறுக்கம் வராது.

ரிசீவர் துளை 1¼ அங்குலம் என்றால் அது இலகுவான சுமைக்கானது, இந்த டிரெய்லருக்கு ஆகாது. 2 அங்குலத் துளைதான் வேண்டும். மாட்டிய பிறகு டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும், முன்மூக்கு இம்மி தாழ்ந்தால் பரவாயில்லை. மூக்கு தூக்கி நின்றால் வேறு உயரத்தில் பால் மவுண்ட் வாங்க வேண்டும்.

விளக்குக்கு நான்கு முனை கொண்ட தட்டையான இணைப்பு தேவை. உங்கள் வண்டியில் ஏழு முனை வட்ட இணைப்பு இருந்தால் ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பிரேக்குக்குத் தனியாக வயர் வேண்டாம். இந்த டிரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கி முட்டும், அந்த முட்டலே ஹைட்ராலிக் வழியாக அதன் பிரேக்கைப் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கையிலிருந்து டிரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடிக்க வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஓடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் இது முக்கியம்.

டிரெய்லரை எடுக்கும்போது

முன்பதிவிலேயே உங்கள் வண்டியின் பெயர், ஆண்டு எல்லாம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். சில வண்டிகளுக்குத் தர மாட்டார்கள்: 2010 வரையிலான ஃபோர்டு எக்ஸ்புளோரருக்கு டிரெய்லர் தருவதில்லை என்பது யூ-ஹாலின் நெடுநாள் விதி, வழக்குச் செலவு அதற்குக் காரணம். 2011 முதலான மாடல்களுக்குத் தருகிறார்கள். வேறு வண்டிப் பெயரைச் சொல்லி எடுத்துவிட்டால், விபத்து என்று வரும்போது காப்பீடு கைவிட்டுவிடலாம்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. உங்கள் கார் பாலிசி, நீங்கள் இழுக்கும் டிரெய்லரால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்கும். வாடகை டிரெய்லருக்கே வரும் சேதத்துக்கும் உள்ளே இருக்கும் சாமானுக்கும் பெரும்பாலும் ஏற்காது. கிளம்பும் முன் ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அவசரப்படாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அங்கே டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்கள் டயர் பிறந்த தேதியைச் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய டயர் என்றால் வேறு டிரெய்லர் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிறகு உள்ளே போய், கதவை வெளியிலிருந்து ஒருவரைச் சாத்தச் சொல்லுங்கள். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தால் மழையும் அதே வழியாகத்தான் வரும். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலையைக் கடைக்காரர் செய்தாலும் நீங்கள் கூடவே நின்று பாருங்கள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைச் சரிபார்க்கப் போவது நீங்கள்தான்.

உருண்டைக்கு நேர் மேலே டிரெய்லரின் கிண்ணத்தை இறக்க வேண்டும். இறக்கியதும் குனிந்து, உள்ளே இருக்கும் கவ்வி உருண்டைக்கு அடியில் போயிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது உருண்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக மாட்டியதுபோலவே இருக்கும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். யூ-ஹால் டிரெய்லர்களில் கைப்பிடிச் சக்கரம் ஒன்று இருக்கும். வலப்புறமாக இனி சுற்றாது என்னும் வரை இறுக்குங்கள். பிறகு டிரெய்லரின் மூக்கைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும், கிண்ணம் மட்டும் எழும்பக் கூடாது.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்கின் அடியில் குறுக்காக மாட்டுங்கள், இடப்பக்கத்துச் சங்கிலி வலக் கொக்கியில். உருண்டை கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும், ஆனால் சாலையில் உரசக் கூடாது. டிரெய்லர் பிரிந்துபோனால் தானே பிரேக் பிடிப்பதற்கான தனிச் சங்கிலியையும் மறக்காமல் மாட்டுங்கள். கடைசியாக விளக்கு: ஒருவர் பின்னால் நிற்க, இடது, வலது, பிரேக், இரவு விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சாமான் ஏற்றுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சாமானின் எடையில் 60 சதவீதம் டிரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும். டிரெய்லர் பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை போலத்தான்: சக்கரத்துக்குப் பின்னால் கனம் போனால் முன்மூக்கு லேசாகும். மூக்கு லேசான டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகி வண்டியையே புரட்டிவிடும். நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு கவிழ்ந்து கிடக்கும் எஸ்யூவி கதைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்: பின்பாரம், அல்லது வேகம்.

கிளம்புவதற்கு முன் தரையில் நீளத்தை அளந்து, 6 அடியில் குறுக்காக ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் கனமானவை, பின்னால் லேசானவை. நம் வீடுகளில் கனம் எது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். வாஷிங் மெஷினும் புத்தகப் பெட்டிகளும் எல்லாருக்கும் தெரியும். கிரைண்டர் கல், இரும்புத் தோசைக்கல், பிரஷர் குக்கர்கள், பித்தளைக் குத்துவிளக்கு, அரிசி மூட்டை, வெண்கலப் பானை எல்லாம் "கிச்சன்" என்று எழுதிய பெட்டிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். கிச்சன் பெட்டிகளைக் கடைசியில் கட்டிக் கடைசியில் ஏற்றுவதுதான் வழக்கம், அதாவது வால்பக்கத்தில். அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். கிரைண்டர் கல்லையும் தோசைக்கல்லையும் முதல் நாளே கட்டி, முன்சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். காலையில் ரொட்டி தின்றால் போகிறது.

புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் தூக்க முடியாமல் வாசலருகே விட்டுவிடுவீர்கள், கனம் மறுபடி பின்னால் போய்விடும். இடமும் வலமும் எடை சமமாக இருக்கட்டும். கனமானது தரையில், லேசானது மேலே. மெத்தை, தலையணை, துணிப் பைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வால்பக்கத்துக்குப் பொருத்தமானவை. ஓர் அடுக்கு முடிந்ததும் உள்ளே இருக்கும் வளையங்களில் பட்டை போட்டுக் கட்டுங்கள். 1,700 மைலில் ஒவ்வொரு பிரேக்கும் சாமானை முன்னே தள்ளும், ஒவ்வொரு ஏற்றமும் பின்னே இழுக்கும். கட்டாமல் விட்டால், டாலஸில் 60 சதவீதமாக இருந்தது வழியில் அமரில்லோ ஊர் வருவதற்குள் 50 ஆகியிருக்கும்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் டிரெய்லர் வண்டியோடு மாட்டியே இருக்க வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரின் பின்பக்கம் ஒருவர் வாஷிங் மெஷினோடு ஏறினால் மூக்கு மேலே எகிறும்.

பாஸ்போர்ட், விசா தொடர்பான ஐ-797 காகிதங்கள், நகை, லேப்டாப், மருந்து எல்லாம் வண்டிக்குள். டிரெய்லருக்குள் வேண்டவே வேண்டாம்.

எடை போட்டுப் பார்ப்பது

இதைச் செய்யாமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். லவ்ஸ், பைலட் போன்ற டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். லாரிகளுக்கானதுதான், ஆனால் நாமும் போகலாம், செலவு ஒரு குடும்பம் காபி குடிக்கும் காசுதான். மேடை தனித்தனித் தட்டுகளாக இருக்கும். முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள். குடும்பம் முழுவதும் உள்ளே இருக்க, டேங்க் நிரம்பி இருக்க வேண்டும். பிறகு ஓரமாக ஒரு சமதளத்தில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மூக்குக்குத் தாங்கல் வைத்துக் கழற்றி, வண்டியை மட்டும் இன்னொரு முறை எடை போடுங்கள்.

சீட்டு இப்படி வருகிறது என்று வையுங்கள். டிரெய்லரோடு: முன்அச்சு 2,410, பின்அச்சு 3,190, டிரெய்லர் அச்சு 3,520. வண்டி மட்டும்: முன் 2,580, பின் 2,580.

டிரெய்லரோடு வண்டியின் இரண்டு அச்சும் சேர்ந்து 5,600. தனியாக 5,160. வித்தியாசம் 440, அதுதான் டங் வெயிட். டிரெய்லரின் முழு எடை 3,520 கூட்டல் 440, ஆக 3,960. 440ஐ 3,960ஆல் வகுத்தால் 11 சதவீதம். நன்றாக இருக்கிறது. 9 வந்தால் இரண்டு மூன்று கனமான பெட்டிகளை முன்னுக்கு நகர்த்துங்கள். 15ஐத் தாண்டினால் பின்னுக்கு.

அதே சீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். முன்அச்சில் 170 பவுண்டு குறைந்திருக்கிறது. ஹிட்ச் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் அங்கே அழுத்தும் எடை முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கதவுத் தூணில் பின்அச்சுக்கும் மொத்த வண்டிக்கும் தனித்தனி வரம்பு எழுதியிருக்கும். 3,190ஐயும் 5,600ஐயும் அவற்றோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வுக் கம்பியை வாங்கி மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். யூ-ஹால் டிரெய்லர்களில் அதற்கு அனுமதி இல்லை. முறையாகச் சாமான் ஏற்றினால் அது தேவையும் படாது.

பாதையும் நாட்களும்

டாலஸிலிருந்து அமரில்லோ வரை 287ஆம் எண் சாலை, அங்கிருந்து ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே. ஆல்புகெர்க்கி, ஃபிளாக்ஸ்டாஃப், கிங்மன், நீடில்ஸ், பார்ஸ்டோ. அங்கிருந்து 58ஆம் எண் சாலையில் டெஹாச்சபி மலை தாண்டி பேக்கர்ஸ்ஃபீல்டு, அப்புறம் ஐ-5 பிடித்து வடக்கே. காரில் மட்டும் போனால் மூன்று நாள். டிரெய்லரோடு, பிள்ளைகளோடு, ஐந்து நாள் வையுங்கள்: அமரில்லோவில் ஒரு இரவு, காலப்பில் ஒன்று, கிங்மனில் ஒன்று, பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒன்று. முதல் இரண்டு நாள் 400 மைலை ஒட்டி, மற்றவை அதைவிடக் குறைவு.

கிங்மனில் தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு அடுத்து மொஹாவி பாலைவனம். கோடையில் நீடில்ஸில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சர்வ சாதாரணம். விடியுமுன் கிளம்பினால் ஏற்றங்களை வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம். எஞ்சினுக்கும் டயருக்கும் அது பெரிய நிம்மதி.

ஐ-40 உயரமான சாலை. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் 7,000 அடியைத் தாண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். ஃபிளாக்ஸ்டாஃபில் உங்கள் வண்டியின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். குளிர்காலத்தில் அங்கே பனியும் கொட்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் எல் பாசோ, டூசான் வழியாக ஐ-10 போவதே மேல். சுற்று கொஞ்சம் அதிகம், ஆனால் தாழ்வான பாதை.

காற்று இந்தப் பாதையின் இன்னொரு குணம். டெக்சஸின் வடமுனையும் நியூ மெக்சிகோவும் வசந்த காலத்தில் பலத்த காற்றுக்குப் பேர்போனவை. டெஹாச்சபியில் மலை முழுக்கக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. உயரமான மூடிய டிரெய்லருக்குப் பக்கக்காற்று ஆகாது. பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் அரை நாள் ஓட்டலிலேயே இருந்துவிடுங்கள்.

எல்லை தாண்டியதும் நீடில்ஸ் பக்கத்தில் கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனைச் சாவடி வரும். டிரெய்லரைப் பார்த்தால் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பார்கள். நம் வீடுகளில் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியை அங்கே கொண்டுபோக முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான இடம், செடியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆசையாக வளர்த்தது என்றால் டாலஸிலேயே ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

ஓட்டுவது

கிளம்புவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் அலுவலகப் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் பழகுங்கள். பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கத் தொடங்கினால் முன்னே எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். வண்டியில் பின்பக்கத் தானியங்கி பிரேக் இருந்தால் அணைத்துவிடுங்கள், டிரெய்லரைச் சுவர் என்று நினைத்துச் சடக்கென்று பிடிக்கும்.

வேகம் 55 மைல். யூ-ஹால் விதித்திருக்கும் வரம்பு அது, கலிஃபோர்னியாவில் எதை இழுத்துச் செல்லும் வண்டிக்கும் சட்டமே அதுதான். நியூ மெக்சிகோவில் 75 மைல் பலகைக்குக் கீழே 55இல் போவது கூச்சமாக இருக்கும், பின்னால் வருபவர் பொறுமை இழப்பார். போகட்டும். வலது ஓரத்தில் இருங்கள், லாரிகள் தாண்டிப் போகும். பெரிய லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து நேராகவே வையுங்கள், எதிர்த்துத் திருப்பாதீர்கள்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பத் தோன்றும். ஆனால் உங்கள் கை எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் திரும்பும், அந்தப் பிந்தல் ஆட்டத்தைக் கூட்டும். ஆட்டம் அடங்கியதும் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, சாமானை முன்னுக்கு மாற்றி ஏற்றிய பிறகே மறுபடி நெடுஞ்சாலைக்குப் போங்கள். ஒருமுறை ஆடிய டிரெய்லர் அதே ஏற்றலில் இன்னொரு முறையும் ஆடும்.

ஏற்றங்களில், வண்டியில் இழுவைக்கான டோ மோடு இருந்தால் போடுங்கள். எஞ்சின் 4,000 சுற்றில் இரைவது கெடுதல் இல்லை. வெப்பமானி மேலே ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறங்கள், இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டுங்கள். மலைப்பாதையில் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. ஆல்புகெர்க்கிக்கு முன்னால் டிஹெராஸ் பள்ளத்தாக்கு, வில்லியம்ஸைத் தாண்டி ஆஷ் ஃபோர்க் இறக்கம், டெஹாச்சபியிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் இறங்குவது எல்லாம் நீளமானவை. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்குப் போய்விடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். 55இலிருந்து 50க்கு வரும்வரை உறுதியாகப் பிடித்து விட்டுவிடுங்கள், மறுபடி ஏறினால் மறுபடி பிடியுங்கள். விடுகிற இடைவெளியில்தான் வண்டியின் பிரேக்கும் டிரெய்லரின் பிரேக்கும் ஆறும்.

முதல் 50 மைலில் ஒருமுறை நிறுத்துங்கள். கைப்பிடிச் சக்கரத்தை மறுபடி இறுக்கிப் பாருங்கள், சங்கிலி, பின், வயர், டயர் எல்லாம் பாருங்கள். டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குடத்துக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ மக்கர் செய்கிறது. ஓட்டாமல் வாடகைக் கம்பெனியின் சாலை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இதே சோதனையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்யுங்கள்.

பெட்ரோல் வழக்கத்தைவிடப் பாதித் தூரம்தான் கொடுக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நேராக நுழைந்து நேராக வெளியேறும் பெட்ரோல் பங்குகளைத் தேடுங்கள். ஓட்டலுக்கு முன்கூட்டியே போன் செய்து டிரெய்லரை நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். இரவில் டிரெய்லரின் பின்கதவு சுவரை ஒட்டியபடி நிறுத்தினால் பூட்டை உடைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. கழற்றாதீர்கள், அப்படியே மாட்டி வையுங்கள்.

சேர்ந்த பிறகு

கதவை முதலில் திறக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், சாமான் சாய்ந்து விழலாம். வால்பக்கத்திலிருந்தே இறக்குங்கள். எல்லாம் இறங்கியதும் பெருக்கிவிட்டு, மறுபடி நான்கு பக்கமும் படம் எடுத்து, திருப்பிக் கொடுத்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பால் மவுண்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள், பார்க்கிங்கில் யாராவது முழங்காலை இடித்துக்கொள்வார்கள்.

அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் 1,700 மைல் டிரெய்லர் இழுத்ததைச் சொல்லுங்கள். மேனுவலில் கடினப் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். கியர் ஆயில், பின் டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் பேடு மூன்றையும் அதன்படி பார்க்கச் சொல்லுங்கள்.